பால் கொட்டகையில் தொடங்கும் இரசாயனக் கல்வி

விடியுமுன் எழுந்து, நிரையில் மரம் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை வாளியில் எடுத்துக்கொண்டு பால் கொட்டகைக்கு வருகின்ற தொழிலாளர் ஒவ்வொருவரும் நாள்தோறும் ஓர் இரசாயனப் பரிசோதனையைக் கண்ணால் காண்கின்றார். வெண்ணிறமாக நீர்போல் ஓடிய பாலில் சிறிதளவு அமிலத்தைக் கலந்து கிளறி வைத்தால், சில மணி நேரத்தில் அது தயிர்போல் இறுகிக் கையால் தூக்கக்கூடிய கட்டியாகிவிடுகின்றது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. ஆயினும் பள்ளிக்குச் செல்லும் அப்பிள்ளை ஒரு நாள், "அமிலம் ஊற்றினால் பால் ஏன் உறைகிறது?" என்று கேட்டுவிட்டால், "ஊற்றினால் உறையும்; அவ்வளவுதான்" என்பதற்கு மேல் நம்மில் பலரால் விடை கூற இயலாது. அந்த விடையைத் தரும் கல்விக்கே இரசாயனம் என்று பெயர். இக்காலப் பாடநூல்கள் இதனை வேதியியல் என்றும் அழைக்கின்றன.

இக்கல்வி எங்கே கிடைக்கின்றது, சமூகக் கல்லூரிக்கும் இதற்கும் என்ன தொடர்பு, தோட்டத்துப் பிள்ளை ஒருவர் இதனைப் பயில எவ்வழியில் செல்ல வேண்டும் என்பவற்றைப் பின்னர் காண்போம். முதலில் கொட்டகையில் நிகழ்வது என்னவென்று தெரிந்துகொள்வது நல்லது. பின்னால் வருவனவற்றுக்கெல்லாம் அதுவே அடிப்படை.

மரத்திலிருந்து வடியும் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். அந்த நீரில் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய ரப்பர் உருண்டைகள் கோடி கோடியாக மிதக்கின்றன. ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கே அவற்றில் பலவற்றின் அளவாகும். அதனினும் சிறியனவும் உண்டு. ஒவ்வோர் உருண்டையைச் சுற்றியும் புரதத்தாலான மெல்லிய போர்வை ஒன்று இருக்கின்றது. அப்போர்வை எதிர்மின்னேற்றம் உடையது. ஒரே வகை மின்னேற்றம் கொண்ட பொருள்கள் ஒன்றையொன்று தள்ளும். ஆகவே உருண்டைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் விலகியே நிற்கின்றன. பால் பாலாகவே இருக்கின்றது.

அமிலத்தை ஊற்றும்போது அதிலுள்ள ஹைட்ரஜன் அயனிகள் நேர்மின்னேற்றத்துடன் பாலில் பரவி, புரதப் போர்வையின் எதிர்மின்னேற்றத்தை நீக்கிவிடுகின்றன. தள்ளும் வலிமை போனபின் உருண்டைகள் மோதுகின்றன, போர்வை கிழிகின்றது, உள்ளிருக்கும் ரப்பர் இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நாம் காணும் கட்டி அதுவே.

மழை நாளிலும் கடும் வெயில் நாளிலும் அமிலம் ஊற்றாமலேயே பால் மங்கிலேயே உறைந்துவிடுவதைப் பார்த்திருக்கிறோம். காற்றிலும் மரப்பட்டையிலும் அழுக்கான மங்கிலும் உள்ள நுண்ணுயிர்கள் பாலில் இருக்கும் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளியிடுகின்றன. மனிதன் ஊற்றவேண்டிய அமிலத்தை அவை மெல்ல மெல்லத் தாமே உண்டாக்கிவிடுகின்றன என்பதே காரணம். மங்கைத் துடைத்துச் சுத்தமாக வைக்கவேண்டும் என்று கங்காணி அதட்டுவதில் இரசாயனம் அடங்கியிருக்கின்றது. பால் உறையாமல் தொழிற்சாலைவரை செல்லவேண்டுமாயின் அம்மோனியா கலக்கின்றனர். அம்மோனியா காரத்தன்மை உடையது. அது அமிலத்தை முறித்து, நுண்ணுயிர்களையும் அடக்கி, உருண்டைகளின் எதிர்மின்னேற்றத்தைக் காத்து நிற்கின்றது.

உறைய வைக்கப் பயன்படும் ஃபார்மிக் அமிலத்துக்கு அப்பெயர் வந்த கதை சுவையானது. 1671-ஆம் ஆண்டு இங்கிலாந்தைச் சேர்ந்த ஜான் ரே என்னும் இயற்கை ஆராய்ச்சியாளர், இறந்த எறும்புகளைத் திரட்டிக் காய்ச்சி வடித்து ஓர் அமிலத்தைப் பிரித்தெடுத்தார். இலத்தீன் மொழியில் எறும்புக்குப் 'ஃபார்மிகா' என்று பெயர். பால்மரத்தடியில் எறும்பு கடித்தால் உண்டாகும் எரிச்சலிலும் கொட்டகையின் அமிலப் புட்டியிலும் இருப்பது ஒரே பொருள் என்பது பலருக்குப் புதிய செய்தியாக இருக்கலாம்.

விலை மலிவு என்று கருதிச் சிலர் கந்தக அமிலத்தைப் பயன்படுத்துவதுண்டு. அது தவறு. ஃபார்மிக் அமிலம் ரப்பர் உலரும்போது ஆவியாகிப் போய்விடும். கந்தக அமிலமோ ஆவியாகாது. ரப்பருக்குள்ளேயே தங்கி அதன் தரத்தைக் கெடுக்கும். கழிவு நீரோடு சென்று ஓடையையும் கெடுக்கும். மலேசிய ரப்பர் வாரியம் ஃபார்மிக் அமிலத்தையே பரிந்துரைப்பதற்கு இதுவே காரணம். அதிலும் அளவு மிகுந்தால் ஷீட் உலர நாள் பிடிக்கும். புகைக்கூடத்தில் விறகுப் புகைக்கும் ஒரு வேலை உண்டு. வெப்பம் நீரை உலர்த்துகின்றது. புகையிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் ஷீட்டில் பூஞ்சணம் பிடிக்காமல் காக்கின்றன.

இனி, கூலியோடு நேரடியாகத் தொடர்புள்ள ஒன்றைக் கூறவேண்டும்.

தொழிலாளர் கொண்டுவரும் பாலின் எடை மட்டும் கணக்கில் சேர்வதில்லை. அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை விழுக்காடு என்று பார்த்து, அதன்படியே நிறுவை எழுதப்படுகின்றது. ஒருவர் 40 கிலோ பால் கொண்டுவருகிறார் என்று கொள்வோம். விழுக்காடு 30 என்று எழுதினால் உலர் ரப்பர் 12 கிலோ. 33 என்று எழுதினால் 13.2 கிலோ. மூன்று விழுக்காட்டு வேறுபாட்டில் ஒரு நாளைக்கு ஒரு கிலோவுக்கு மேல் போகின்றது. மாதத்துக்கு இருபத்தைந்து நாள் என்று பெருக்கிப் பார்த்தால் 30 கிலோ ஆகின்றது. ஆகவே அந்த எண் எப்படிப் பெறப்படுகின்றது என்பதை அறிந்துகொள்ளும் உரிமையும் தேவையும் தொழிலாளருக்கு உண்டு.

கொட்டகையில் விரைவாகப் பார்க்கப் பயன்படும் கருவி மெட்ரோலேக். அது பாலில் மிதக்கும் ஒரு கோல். ரப்பர் நீரைவிட இலேசானது. நீரின் அடர்த்தி 1 என்றால் ரப்பரின் அடர்த்தி 0.92 அளவே. பாலில் ரப்பர் மிகுதியாக இருந்தால் பால் இலேசாகும். கோல் ஆழமாக அமிழும். ரப்பர் குறைந்து நீர் மிகுந்தால் கோல் மேலே எழும்பி நிற்கும். கோலின் தண்டிலுள்ள கோடுகளைக்கொண்டு அளவை வாசிக்கின்றனர். இதில் கவனிக்கவேண்டியது, மெட்ரோலேக் ரப்பரை நேராக அளப்பதில்லை என்பதாகும். அது அளப்பது அடர்த்தியையே. அடர்த்தியைக்கொண்டு ரப்பரை ஊகிக்கின்றோம். பாலை நன்கு கலக்காமல் மேலிருந்து மட்டும் எடுத்தால், நுரை நிற்கும்போது வாசித்தால், கோலில் பழைய பால் ஒட்டிக் காய்ந்திருந்தால், ஊகம் பிழையாகும். மரத்தின் இனத்தைப் பொறுத்தும் பருவத்தைப் பொறுத்தும் பாலிலுள்ள மற்றப் பொருள்களின் அளவு மாறுவதால் சிறிய வேறுபாடு எப்போதும் இருக்கும்.

ஐயமற அறியவேண்டுமாயின் ஆய்வுக்கூட முறையை நாடவேண்டும். பாலில் சிறிதளவு எடுத்துத் துல்லியமான தராசில் நிறுப்பர். அமிலம் இட்டு உறைய வைப்பர். உறைந்ததை உருளையில் மெல்லிய தாளாக அழுத்திக் கழுவி, சூட்டடுப்பில் சுமார் 70 பாகை செல்சியஸ் வெப்பத்தில் முற்றிலும் உலர்த்தி, மீண்டும் நிறுப்பர். இரண்டு எடைகளையும் வகுத்தால் விழுக்காடு கிடைத்துவிடும். இதில் கடினமான கணக்கு ஏதும் இல்லை. ஐந்தாம் படிவத்தில் இரசாயனம் பயிலும் மாணவர் ஒருவர் இதனைச் செய்துவிடலாம். இந்த முறையை அறிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், நிறுவைப் புத்தகத்தில் எழுதப்படும் எண்ணைப் பற்றித் தந்தையும் தாயும் சண்டையின்றி, தெளிவாகக் கேள்வி கேட்க இயலும் என்று இக்கட்டுரையாளர் கருதுகின்றார்.

ரப்பரைப் பற்றிய இந்த அறிவு ஒரே நாளில் வந்ததன்று. 1826-ஆம் ஆண்டு மைக்கல் ஃபாரடே ரப்பரைப் பகுத்துப் பார்த்து, அதில் ஐந்து கரி அணுக்களுக்கு எட்டு ஹைட்ரஜன் அணுக்கள் என்ற கணக்கு இருப்பதைக் கண்டார். இந்த ஃபாரடே ஒரு கொல்லரின் மகன். புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகிய சிறுவன். கட்டுவதற்கு வந்த புத்தகங்களைப் படித்தே அறிவியலைத் தேடிப் போனவர். 1839-இல் அமெரிக்காவில் சார்லஸ் குட்இயர், ரப்பரோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் வெடிக்காமலும் உறுதிபெறும் என்று கண்டார். ஏன் அப்படி ஆகின்றது என்பது அவருக்குத் தெரியாது. ரப்பர் என்பது ஆயிரக்கணக்கான சிறு கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி என்று 1920-இல் ஜெர்மானியரான ஹெர்மன் ஸ்டாடிங்கர் கூறியபோது, பெரிய இரசாயன அறிஞர்கள் பலர் நம்ப மறுத்தனர். 1953-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. சங்கிலிகளுக்கு இடையே கந்தகம் பாலம் போடுவதால்தான் டயர் டயராக நிற்கின்றது என்பது இன்று பள்ளிப் பாடம்.

நம் நாட்டில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925-இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. 1998 முதல் அது மலேசிய ரப்பர் வாரியத்துடன் இணைந்து செயல்படுகின்றது. மரப்பட்டையில் பூசும் எத்ரெல் மருந்தைத் தோட்டத்தார் அறிவர். அம்மருந்து பட்டைக்குள் சென்று எத்திலீன் என்னும் வாயுவை வெளியிட்டுப் பால் நிற்காமல் நீண்ட நேரம் வடியச் செய்கின்றது. வாழைக்குலையைப் பழுக்க வைப்பதும் இதே வாயுதான். அளவுக்கு மீறிப் பூசினால் மரம் களைத்துப் பட்டை வறண்டுவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

பினாங்குத் தீவின் மேற்குப் பகுதியில், மலைகளுக்கு அப்பால் இருக்கும் ஊர் பாலிக் புலாவ். 'தீவின் பின்புறம்' என்பதே அம்மலாய்ப் பெயரின் பொருள். ஜார்ஜ் டவுனிலிருந்து மலைப்பாதையில் வளைந்து வளைந்து ஏறி இறங்கினால் டுரியான் தோப்புகளும், ஜாதிக்காய் மரங்களும், கிராம்பு மரங்களும், ஊடே ரப்பர் மரங்களும், கடலோரத்தில் நெல்வயல்களும் தென்படும். பெரிய துரைமார் தோட்டங்களைவிடச் சிறு தோட்டங்கள் மிகுந்த பகுதி இது. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து ஜாதிக்காய், கிராம்புக் கன்றுகளைப் பினாங்குக்கு வரவழைத்து நட்டனர். அவற்றின் வழிவந்த பயிர்த்தொழில் இன்றும் இம்மலைச்சரிவில் இருக்கின்றது. ஜாதிக்காயின் சதையைச் சர்க்கரையில் ஊறவைத்து விற்கின்றனர். அதன் எண்ணெயும் தைலமும் பினாங்குக்கு வருவோர் வாங்கிச் செல்லும் பொருள்கள்.

இந்த ஜாதிக்காய்க்கும் கல்லூரி இரசாயனத்துக்கும் உள்ள உறவை அறிந்தோர் சிலரே. வெளிநாடுகளில் பல சமூகக் கல்லூரிகளிலும் பல்கலைக் கழகங்களிலும், கரிம இரசாயனத்தைத் தொடங்கும் மாணவர்களுக்குக் கொடுக்கப்படும் பழைமையான செய்முறைப் பாடங்களுள் ஒன்று, ஜாதிக்காய்த் தூளிலிருந்து டிரைமிரிஸ்டின் என்னும் கொழுப்பைப் பிரித்தெடுப்பதாகும். 1841-ஆம் ஆண்டு முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட பொருள் அது. தூளை ஈதர் போன்ற கரைப்பானில் ஊறவைத்துச் சூடாக்கி, வடிகட்டி, கரைப்பானை ஆவியாக்கிவிட்டால் மஞ்சள் நிறமான பிசுபிசுப்பு மிஞ்சும். அதனை அசிட்டோனில் கரைத்துக் குளிர வைத்தால் வெண்மையான படிகங்கள் உண்டாகும். அவை 56 பாகை அளவில் உருகினால் பொருள் தூய்மையானது என்று பொருள். அதே கொழுப்பைக் காரத்துடன் கொதிக்க வைத்தால் சவர்க்காரமாகும். அதில் அமிலம் இட்டால் மிரிஸ்டிக் அமிலம் பிரிந்து வரும். இத்தனையும் ஒரு கைப்பிடி ஜாதிக்காயிலிருந்து!

ஜாதிக்காய் பெரும்பாலான செடிகொடிகளைப்போல் பலவகைக் கொழுப்புகளைக் கலந்து வைத்திருக்கவில்லை. ஒரே வகைக் கொழுப்பையே மிகுதியாகச் சேர்த்து வைத்திருக்கின்றது. புதிதாகப் பயில்வோர் கையிலும் தூய்மையாகப் பிரிந்து வருவதால் ஆசிரியர்கள் இதனை விரும்புகின்றனர். கிராம்பும் அவ்வாறே. கிராம்பை நீராவியில் காய்ச்சி வடித்தால் யூஜினால் கிடைக்கும். பல் மருத்துவர் பல்லில் வைத்து அடைக்கும் மருந்தில் துத்தநாக ஆக்சைடுடன் சேர்வது அதுதான். பல்வலிக்குக் கிராம்பைக் கடித்துக்கொள்ளச் சொன்ன நம் பாட்டிமார், பெயர் தெரியாமலேயே யூஜினாலைப் பரிந்துரைத்திருக்கின்றனர். ஆக, கடல் கடந்த கல்லூரிகள் விலை கொடுத்து வாங்கிப் பாடம் நடத்தும் பொருள்கள் பாலிக் புலாவில் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கின்றன.

சமூகக் கல்லூரி என்னும் எண்ணம் அமெரிக்காவில் தோன்றியது. 1901-ஆம் ஆண்டு இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் தொடங்கிய கல்லூரி அவ்வகையில் முற்பட்டது. பல்கலைக் கழகத்துக்கு நேராகச் செல்ல வசதியற்றோர் தம் ஊரிலேயே, குறைந்த செலவில், இரண்டு ஆண்டு பயின்று, பின்னர் பல்கலைக் கழகத்துக்கு மாறிச் செல்வதற்கு அது வழி செய்தது. அவ்வழியில் சென்றவர்களுள் ஒருவர் புரூஸ் மெரிஃபீல்டு. தந்தையார் தளவாடம் விற்பவர். குடும்பம் அடிக்கடி ஊர் மாறியதால் சிறுவன் பல பள்ளிகள் மாறிப் படித்தான். 1939-இல் உயர்நிலைப் பள்ளியை முடித்து, பாசடீனா என்னும் ஊரிலிருந்த இரண்டாண்டுக் கல்லூரியில் சேர்ந்து, பின்னரே பல்கலைக் கழகத்தில் இரசாயனம் பயின்றார். புரதத் துண்டுகளைக் கட்டுவதற்கு அவர் 1963-இல் வெளியிட்ட முறை, மருந்துத் தயாரிப்பையே மாற்றியது. மிகச் சிறிய பிளாஸ்டிக் மணிகளின்மேல் ஒவ்வொரு கண்ணியாகக் கோத்துச் செல்வதே அம்முறை. அம்மணிகளும் ரப்பரைப்போல் நீண்ட சங்கிலிகளால் ஆனவையே. 1984-இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது. தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும் குடும்பங்களின் பிள்ளைகள் இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ் மண்ணில் புதுச்சேரிப் பல்கலைக் கழகம் 1995-இல் ஒரு சமூகக் கல்லூரியைத் தொடங்கியது. மலேசியாவில் சமூகக் கல்லூரிகள் 2001-ஆம் ஆண்டு முதல் நடைபெறுகின்றன. ஆயினும் பெயர் ஒன்றாக இருப்பதால் இரண்டும் ஒன்று என்று எண்ணிவிடலாகாது. நம் நாட்டுச் சமூகக் கல்லூரிகள் பெரும்பாலும் கைத்தொழில் கற்பிப்பவை. மின்தொழில், வாகனம் பழுதுபார்த்தல், உணவுத் தயாரிப்பு, தையல், கணினி போன்ற துறைகளில் சான்றிதழ் வழங்குகின்றன. இரசாயனத்தைத் தனிப் பட்டமாக அங்கே தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். ஆனால் ரொட்டி மாவு பொங்குவதிலும், உணவு கெடாமல் காப்பதிலும், மின்கலத்திலும், வண்டிக்குப் பூசும் வண்ணத்திலும் இரசாயனம் கலந்தே இருக்கின்றது. வேலை செய்துகொண்டே வார இறுதியில் பயில விரும்பும் பெரியவர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சிகளும் அக்கல்லூரிகளில் உண்டு. பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்திய தாய்மாரும் அவற்றில் சேரலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

அப்படியாயின், இரசாயனமே பயில விரும்பும் பிள்ளை எவ்வழியில் செல்வது?

கதவு திறப்பது நான்காம் படிவத்தில். முன்பிருந்த கலைப் பிரிவு, அறிவியல் பிரிவு என்ற பாகுபாடு 2020-இல் நீக்கப்பட்டு, பாடங்களைத் தொகுதியாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்துவிட்டது. மூன்றாம் படிவம் முடியும் வேளையில் பள்ளியில் கொடுக்கும் தாளில் எந்தத் தொகுதியைக் குறிக்கின்றோமோ அதுவே பின்னாளைய வழியைப் பெரிதும் முடிவு செய்கின்றது. பெற்றோர் பலர் அத்தாளைப் படித்துப் பார்க்காமலே கையொப்பமிட்டு அனுப்பிவிடுகின்றனர். "கடினமான பாடம், நமக்கு வேண்டாம்" என்று பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டு இரசாயனத்தை விட்டுவிடும் பிள்ளைகளும் உள்ளனர். விட்ட பிறகு திரும்பிச் சேர்வது எளிதன்று. எஸ்.பி.எம். தேர்வில் இரசாயனம் இல்லையெனில் மருத்துவம், மருந்தியல், இரசாயனப் பொறியியல் போன்ற துறைகள் எட்டாமல் போய்விடும். மலாய்மொழியிலும் வரலாற்றிலும் தேர்ச்சி பெறாவிட்டால் எஸ்.பி.எம். சான்றிதழே கிடையாது என்பதையும் மறக்கலாகாது.

எஸ்.பி.எம். முடிந்தபின் ஆறாம் படிவம் பயின்று எஸ்.டி.பி.எம். எழுதலாம், மெட்ரிகுலேஷன் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம், அங்கே இடங்களுக்குப் போட்டி மிகுதி. பினாங்கு மாநிலத்து மெட்ரிகுலேஷன் கல்லூரி பெருநிலத்தில் கெப்பாளா பத்தாஸ் வட்டாரத்தில் உள்ளது. பாலிக் புலாவிலேயே அரசாங்கத் தொழில்நுட்பக் கல்லூரியாகிய பொலிடெக்னிக் ஒன்று இயங்குகின்றது. டிப்ளோமா பயின்று தொழிற்சாலைக்குச் செல்லவோ மேலே படிக்கவோ விரும்புவோருக்கு அவ்வகைக் கல்லூரிகள் ஏற்றவை. ஒவ்வொரு பொலிடெக்னிக்கிலும் துறைகள் வேறுபடும். சில இடங்களிலேயே இரசாயனப் பொறியியல் உண்டு. ஆகவே விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல் துறையின் பெயரையும் பார்க்கவேண்டும். மலைக்கு இப்புறம் மிண்டனில் உள்ள, 1969-இல் தொடங்கிய அறிவியல் பல்கலைக் கழகம், யூ.எஸ்.எம்., இரசாயன அறிவியலுக்கெனத் தனிக் கல்விப்புலம் கொண்டுள்ளது. பாலிக் புலாவில் வாழும் ஒரு பிள்ளைக்கு, பட்டம்வரை செல்லும் படிகளில் சில வீட்டிலிருந்து பேருந்தில் சென்று வரும் தொலைவிலேயே இருக்கின்றன.

படிப்பில் எது கடினம் என்று கேட்டால், மாணவர்கள் 'மோல்' என்ற கணக்கைச் சொல்வர். அணுக்கள் மிகச் சிறியவை. எண்ணிப் பார்க்க முடியாதவை. ஆதலால் எடையைக்கொண்டு எண்ணிக்கையை அறிகின்றனர். இது நமக்குப் புதிதன்று. நாற்றங்காலுக்கு வரும் ரப்பர் விதைகளை ஒவ்வொன்றாக எண்ணாமல், நூறு விதையை நிறுத்து, மூட்டையின் எடையை அதனால் வகுத்து மொத்தம் எத்தனை என்று கூறிவிடலாம். மோலும் அதே தந்திரம்தான். 12 கிராம் கரியில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை ஒரு மோல். 6 என்று எழுதி அதற்குப் பின் இருபத்து மூன்று சுழியங்கள் இட்டால் ஏறக்குறைய அந்த எண் வரும். விதைக் கணக்கை நினைவில் வைத்துக்கொண்ட மாணவர் இந்த இடத்தில் தடுமாற மாட்டார்.

மற்றொரு தடை மொழி. தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய பிள்ளை இடைநிலைப் பள்ளியில் கலைச்சொற்களை மலாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ கற்கவேண்டியிருக்கின்றது. சொல் புரியாததைப் பொருள் புரியாததாக எண்ணிப் பின்வாங்குகின்றனர். தாய்மொழியில் ஒருமுறை பொருளைப் புரிந்துகொண்டால் சொல்லை மாற்றிக்கொள்வது பெரிய வேலையன்று. மலாய்மொழியில் 'அசிட்' என்றால் என்ன, 'அல்காலி' என்றால் என்ன என்பதைப் பால் கொட்டகையில் வேலை செய்யும் தாயே அமிலப் புட்டியையும் அம்மோனியாத் தகரத்தையும் காட்டி விளக்கிவிடலாம். இன்னொரு செய்தி: ஐந்தாம் படிவ இரசாயனத்தில் இயற்கை ரப்பர் ஒரு பாடமாகவே இருக்கின்றது. பால் அமிலத்தில் உறைவது ஏன், அம்மோனியாவில் உறையாமல் இருப்பது ஏன், கந்தகம் சேர்த்தால் உறுதி பெறுவது ஏன் என்பவை தேர்வுக்குரிய கேள்விகள். நகரத்து மாணவர் படத்தில் மட்டும் கண்டதை நம் பிள்ளைகள் கையால் தொட்டு வளர்ந்திருக்கின்றனர்.

ஆய்வுக்கூடத்தில் முதல் நாளிலேயே சொல்லும் விதி ஒன்று தோட்டத்துக்கும் பொருந்தும். அடர்ந்த அமிலத்தை நீர்க்கச் செய்யும்போது, முதலில் நீரை எடுத்துக்கொண்டு அதில் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்றவேண்டும். அமிலத்தின்மேல் நீரை ஊற்றலாகாது. ஊற்றினால் உண்டாகும் சூட்டில் அமிலம் கொதித்து முகத்தில் தெறிக்கும். கந்தக அமிலத்தில் இந்த ஆபத்து மிகக் கடுமையானது. கண்ணில் பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது கால் மணி நேரமேனும் கழுவிக்கொண்டே இருந்து, பின் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். தேங்காயெண்ணெய் விடுவதும், பச்சிலைச் சாறு பிழிவதும் கண்ணைக் கெடுத்துவிடும். அமிலத்தைக் குடிநீர்ப் புட்டியில் ஊற்றி வீட்டில் வைக்கும் பழக்கமும் சில இடங்களில் இருக்கின்றது. தாகத்தோடு ஓடிவரும் குழந்தைக்கு அது நீர் என்றே தோன்றும்.

பயின்றபின் வேலை கிடைக்குமா என்பது பெற்றோரின் இயல்பான கேள்வி. ரப்பர் மரத்துக்குப் பதில் செம்பனை நட்ட தோட்டங்கள் இன்று மிகுதி. பால்வெட்டுத் தொழிலை மட்டும் நம்பி அடுத்த தலைமுறை வாழ இயலாது என்பதை நாம் அறிவோம். ஆனால் பாலை நம்பிய தொழிற்சாலைகள் குறையவில்லை. உலகில் ரப்பர் கையுறை உற்பத்தியில் மலேசியா முதலிடம் வகிக்கும் நாடு. கையுறை செய்வதும் பால் உறைவதே: கை வடிவான பீங்கான் அச்சைக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் தோய்த்து, பிறகு பாலில் தோய்த்தால், அச்சின்மேல் பால் மெல்லியதாக உறைந்து படிகின்றது. பாலில் கலக்கவேண்டிய கந்தகம், துத்தநாக ஆக்சைடு ஆகியவற்றின் அளவையும், கையுறையில் மிஞ்சும் புரதத்தையும் நாள்தோறும் சோதித்துப் பார்க்க ஆட்கள் தேவை. செம்பனை ஆலையிலும் எண்ணெயின் அமிலத்தன்மையைச் சோதிக்க ஆய்வுக்கூடம் உண்டு. பினாங்கில் 1972-இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில்வட்டாரத்தின் மின்னணுத் தொழிற்சாலைகளிலும் முலாம் பூசுதல், கழுவுதல், கழிவுநீர் சுத்திகரித்தல் ஆகிய பணிகள் உள்ளன. பாலிக் புலாவிலிருந்து அவ்வட்டாரம் தொலைவில்லை. அரசாங்கத்தின் இரசாயன இலாகாவும் பினாங்கில் கிளை வைத்துள்ளது. பட்டம் பெற்று இரசாயன வல்லுநராகத் தொழில் புரிய விரும்புவோர், 1975-ஆம் ஆண்டு இரசாயன வல்லுநர் சட்டத்தின்படி மலேசிய இரசாயனக் கழகத்தில் பதிவு பெறவேண்டும்.

வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒன்றையும் கூறிவிடுவோம். நம் வேலியில் படரும் நீலச் சங்குப்பூவை, மலாய்க்காரர் 'பூங்கா தெலாங்' என்று அழைத்துப் பலகாரத்துக்கு நிறமேற்றப் பயன்படுத்துகின்றனர். பத்துப் பூவைச் சுடுநீரில் ஊறவைத்தால் நீலச் சாறு இறங்கும். அதனை மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றவும். ஒன்றை அப்படியே விடவும். ஒன்றில் எலுமிச்சைச் சாறு சில துளிகள் விட்டால் நீலம் ஊதாவாகிச் சிவப்பை நோக்கிச் செல்லும். மற்றொன்றில் சவர்க்காரம் கரைத்த நீரை விட்டால் பச்சை நிறம் தோன்றும். பிறகு புளிக்கரைசல், சுண்ணாம்பு நீர், மழைநீர், ஊறுகாய் நீர் என்று வீட்டிலுள்ளவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்து, எது அமிலம், எது காரம் என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதியிட்டு எழுதி வைக்கச் சொல்லுங்கள். கொட்டகை அமிலத்தை இதற்கு எடுத்துவர வேண்டாம், எலுமிச்சையே போதும்.

மூன்றாம் படிவத்தில் பிள்ளை இருக்கும் வீடாயின், பாடத் தொகுதித் தாள் பள்ளியிலிருந்து வருமுன்னரே வகுப்பாசிரியரைச் சென்று காணுங்கள். அப்போது அந்த நோட்டுப் புத்தகத்தையும் உடன் கொண்டு செல்லலாம்.